வாழைக்கன்றுக்கு சீட் பெல்ட் போட்ட நாள்

புதுக் கார் வாங்கியவன் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டான். நானும் இருக்கவில்லை. அப்போது குன்னூரில் ஒரு தேயிலை ஏலக் கம்பெனியில் கிளார்க்காக இருந்தேன். கார் வந்து மூன்று வாரம்தான். பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடித்தவரிடம்கூட, "முன்னால எது வந்தாலும் காரே பிரேக் போட்டுக்குமுங்க" என்று சொல்லியிருக்கிறேன் (அவர் கேட்கவே இல்லை).

அதையே ரேவதியின் அப்பாவிடமும் சொல்லித் தொலைத்தேன்.

ரேவதியை எனக்குப் பேசியிருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது, எங்கள் இருவருக்கும் பிடித்தும் விட்டது. பாக்கி அவள் அப்பாவின் சம்மதம். அவர் ஊட்டி–கூடலூர் ரோட்டில் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். வண்டி ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல் எவனுக்கும் பெண் கொடுப்பதில்லை என்று வைத்திருந்தார். எனக்கு முன்னால் வந்தவர்களில் ஒருவன் வளைவில் ஓவர்டேக் செய்தான், இன்னொருவன் இறக்கத்தில் நியூட்ரல் போட்டான். இருவர் கதையும் அத்தோடு முடிந்தது.

என் முறை ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை வந்தது. ஊட்டியிலிருந்து நடுவட்டம் போய்த் திரும்ப வேண்டும். அவர் என் பக்கத்தில், ரேவதி பின் சீட்டில். பூஜைக்காகக் காரை முதல் நாளே அவர்கள் வீட்டில் விட்டிருந்தேன். அவரே சந்தனம் குங்குமம் வைத்து, முன்பக்கம் இரண்டு வாழைக்கன்றுகளைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார். தன் கையாலேயே கட்டியிருக்கிறார் என்றால் பாதி சம்மதம் என்றுதானே அர்த்தம்? நான் பூரித்துப் போனேன்.

தலைகுந்தா தாண்டும் வரை கார் நல்ல பிள்ளையாகப் போனது. ரோடு காலியாக இருக்கவே கொஞ்சம் வேகம் பிடித்தேன். திடீரென்று பீப் பீப் என்று ஒரு அலறல், சிவப்பு வெளிச்சம். மூவரும் முன்னால் குலுங்கிப் பின்னால் சாய்ந்தோம். கார் நடு ரோட்டில் நின்றுவிட்டது. எதிரே ஒரு காக்காய்கூட இல்லை.

"எதுக்குங்க தம்பி பிரேக் போட்டீங்க?"

"நான் போடலீங்க மாமா. காரு போட்டுதுங்க."

முப்பது வருஷ சர்வீசில் அவர் கேட்காத சாக்கு இருந்திருக்காது. இதைக் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அரை கிலோமீட்டரில் மறுபடியும் அதே அலறல். அவர் குனிந்து என் கால் எங்கே இருக்கிறது என்றே பார்த்துவிட்டார். மூன்றாவது தடவை, "ஏனுங்க தம்பி, ஒண்ணுமே இல்லாததுக்கு இப்பிடி மெரண்டா எப்பிடீங்க?" என்றார். எனக்குக் கல்யாணம் இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டு காரை மெல்ல உருட்டினேன். மெல்லப் போனால் அது அலறவில்லை.

பின்னால் கூடலூர் பஸ் வந்து ஹாரன் அடித்தது. வெட்கப்பட்டுக்கொண்டு வேகமெடுத்தேன். கார் அலறி நின்றது. பின்னால் டயர் தேய்கிற சத்தம். கண்ணாடி முழுக்க பஸ்ஸின் முகம். மோதவில்லை, ஒரு முழம் இடைவெளிதான். பின் சீட்டில் ரேவதி இருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

பஸ் டிரைவர் இறங்கி வந்தார். "அறிவிருக்குதாய்யா?" என்று ஆரம்பித்தவர் உள்ளே பார்த்துவிட்டு, "அண்ணா! நீங்களா?" என்று குரலைத் தணித்துக்கொண்டார். மாமாவின் முகம் செத்துப்போயிற்று.

"அவரு மேல தப்பில்லீங்க, ஓட்டுனது நானுங்க" என்றேன். (பெருந்தன்மை இல்லை. காரைக் குற்றம் சொன்னால் அடி விழும் என்ற பயம்.)

இதற்குள் காரின் முன்னால் போய் நின்றிருந்த ரேவதி, "அப்பா, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். "வேகமாப் போனா காத்துல இந்த வாழ எல மடங்கி ஆடுது பாருங்க. காரோட கண்ணு இதுக்குப் பின்னாலதான் இருக்குது. யாரோ குறுக்க வர்றாங்கன்னு நெனச்சு நிக்குதுங்கப்பா."

முதல் நாள் சாயங்காலமே, காரோடு கொடுத்த புத்தகத்தை அவள் முழுக்கப் படித்துவிட்டாளாம். நான் அதன் உறையைக்கூடப் பிரித்ததில்லை.

பஸ் டிரைவர் சூதுவாது இல்லாமல் கேட்டார். "வாழக்கன்னு கட்டுனது யாருங்க?"

மாமா குனிந்து கம்பியைப் பிரிக்க ஆரம்பித்தார்.

பூஜைக்குக் கட்டியதை ரோட்டோரத்தில் வீச அவருக்கு மனசு வரவில்லை. இரண்டையும் பின் சீட்டில், ரேவதிக்கு இரு பக்கமும் சாய்த்து வைத்தார். கிளம்பினேன். டிங் டிங் டிங் என்று புதிதாக ஒரு சத்தம்! "இப்ப என்னங்க?" என்று மாமா கதவைப் பிடித்துக்கொண்டார். யாரோ இருவர் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதாகக் கார் நினைத்துவிட்டது. ரேவதி ஒரு கன்றுக்குப் பெல்ட் மாட்டினாள், பிறகு அடுத்ததற்கு. சத்தம் நின்றது. நடுவட்டம் வரை கார் அதன்பின் மூச்சே விடவில்லை.

அங்கே டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டியபடியே காருக்குள் எட்டிப் பார்த்தார். சந்தனம் குங்குமம் வைத்த புதுக் கார், உள்ளே இரண்டு வாழைக்கு நடுவே ஒரு பெண்.

"வாழமரத்தோட கெளம்பிட்டீங்க! கல்யாணமுங்களா?"

மாமா டீயை ஊதினார். ஒரு வாய் குடித்தார்.

"ஆமாங்க. எம் புள்ளைக்குத்தான். தையில வெச்சுக்கலாம்னு இருக்கறோமுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "டீ ஆறுது பாருங்க, மாப்ள" என்றார். பாதி டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன். அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன், அவ்வளவு நிம்மதி.

அந்தக் கதையை இன்றும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமாதான் சொல்வார். நான்கு பிரேக் இப்போது பதினொன்று ஆகிவிட்டது. ஒரு இடம் வந்தால் மட்டும் குரல் கம்மிவிடும். "முன்னால யாரோ வாழக்கன்னக் கட்டிட்டாங்க..." என்று சொல்லித் தாண்டிவிடுவார். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு விட்டத்தைப் பார்ப்போம்.

போன வாரம் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. "பாத்துக்கோங்கன்னுதானே சொல்லிட்டுப் போனேன்?" என்று ரேவதி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"யாரோ வாழக்கன்னக் கட்டிட்டாங்க" என்றேன்.

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா, பேப்பரை முகத்துக்கு நேராக இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.