முன்பக்கம் முழுக்க மரியாதை

மதிப்பிற்குரிய ஒஃபேலியா அத்தைக்கு,

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்து யெசேனியா எழுதுகிறேன். நானும் குழந்தையும் சுகம். ராணுவத்தில் போலந்துக்கு அனுப்பப்பட்ட உங்கள் மாப்பிள்ளை ரொஹேலியோவும் சுகம், குளிர்தான் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். சோளமட்டையில் மடித்து அவித்து நீங்கள் அனுப்பிய சோளமாவுத் தமாலே பத்திரமாக வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டு டோரீனுக்கு ஆறு கொடுத்தேன். அவள் மட்டையை உரிக்காமலே கடித்து, "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் நார் ஜாஸ்தி" என்றாள்.

"ஓசி வைத்தியத்துல டாக்டர மாத்தணுமாமே, காலேஜ் படிச்ச ராங்கியா" என்று நீங்கள் அப்பாவிடம் கேட்டதாகத் தெரிந்தது. ராங்கி இல்லை, அத்தை. நயேலிக்கு இரண்டு வயது ஆகப்போகிறது, இன்னும் ஒரு சொல் வரவில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆனால் ராணுவக் குடும்பங்களின் காப்பீட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு டாக்டரை ஒதுக்கிவிடுகிறார்கள், அவர் கடிதம் கொடுத்தால்தான் காது டாக்டர் பார்ப்பார். எங்களுக்கு ஒதுக்கப்பட்டவர் ராணுவ டாக்டர் கேப்டன் விட்கம். நயேலியின் ஒன்பதாம் மாதத்தில் "ஆறு மாசம் பாப்போம்" என்றார். பதினைந்தாம் மாதத்தில் "இன்னும் ஆறு மாசம் பாப்போம்" என்றார். போன மாதம் நயேலியின் செருப்பில் ஒரு டைனோசர் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, "அம்மா மாதிரி அமைதி போல" என்று சிரித்தார். மூன்று முறையும் நான் "சரிங்க சார்" என்றுதான் சொன்னேன். சொல்ல வேண்டியதெல்லாம் காருக்குள் உட்கார்ந்த பிறகு வரிசையாக நினைவுக்கு வரும். அவ்வளவையும் ஸ்டியரிங்கிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவேன்.

ரொஹேலியோவிடம் போனில் சொன்னேன். "அவர் கேப்டன், யேசி. நான் வெறும் சிப்பாய். நீங்க ரெண்டு பேரும் என் ராணுவ நம்பருக்குக் கீழதான் இருக்கீங்க. புகார் போனா என் பேர்லதான் போகும், பாத்து எழுது" என்றார். பன்னிரண்டு வருடத்தில் ஐந்து ராணுவ முகாம் பார்த்த டோரீன் இதைக் கேட்டுவிட்டு, "அவருக்கு சல்யூட் அடிக்க வேண்டியவன் உன் புருஷன், நீ இல்லடி. டாக்டர மாத்துறது சட்டைய மாத்துற மாதிரி. ஒரு படிவம், ஒரு கையெழுத்து. காரணம் கேட்டா சொந்தக் காரணம்னு எழுதிட்டு வந்துரு" என்றாள். நானும் மருத்துவமனை அலுவலகத்தில் அப்படியே எழுதிக் கொடுத்தேன். கொடுத்த பிறகு மனசு கேட்கவில்லை. அப்பாவின் லாரி உரிமம் முதல் உங்கள் ஓய்வூதியம் வரை நம் குடும்பத்தின் எல்லாப் படிவங்களையும் நிரப்பியவள் நான், என் மகளுக்காக இரண்டே சொற்கள்தானா என்று தோன்றியது. அங்கே மேஜைமேல், நோயாளிகள் எழுதிப் போடும் கருத்துத்தாள் கிடந்தது. உட்கார்ந்து எழுதினேன். யாரையும் குறை சொல்லுமுன் நாலு நல்லது சொல் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள், அதனால் பழி பாதி உங்களுடையது. டாக்டர் நேரம் தவறாதவர், கை கழுவாமல் குழந்தையைத் தொடாதவர், ஸ்டிக்கர் கொடுக்க மறக்காதவர், நாட்டுக்குச் சேவை செய்பவர் என்று எழுதி முடிப்பதற்குள் முன்பக்கம் தீர்ந்துவிட்டது. என் மகளுக்குக் காது கேட்கவில்லை, மூன்று முறை சொல்லியும் கடிதம் தரவில்லை என்பதெல்லாம் பின்பக்கத்துக்குப் போய்விட்டது.

பத்து நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. இந்தக் காலாண்டின் சிறந்த மருத்துவராகக் கேப்டன் விட்கமைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அதற்குக் காரணம் என் பாராட்டுக் கடிதம், நான் குழந்தையோடு வந்து என் கையாலேயே அவருக்குப் பரிசு கொடுக்க வேண்டும். மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன். எந்த நிறத்தில் உடுத்தி வர வேண்டும் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

போனோம். காத்திருப்புக் கூடத்தில் கொடி, கேக், சீருடையில் முப்பது பேர். என் தாளையே கண்ணாடிச் சட்டத்தில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். முன்பக்கம் பளபளவென்று தெரிந்தது, என் புகார் அட்டைப் பக்கம் ஒட்டிக்கிடந்தது. ஒரு சார்ஜண்ட் அதை உரக்க வாசித்தார். நாட்டுச்சேவை என்ற இடத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். ராணுவத்தார் கைதட்டினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், யார் மடியிலோ தூங்கிக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. நயேலி எல்லாருக்கும் முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, செருப்பிலிருந்த டைனோசரை உரித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

எனக்குக் கை கொடுக்க வந்த டாக்டர் பாதியில் நின்றுவிட்டார். அவள் பின்னால் போய் மண்டியிட்டு ஓங்கி ஒருமுறை கைதட்டினார். இன்னொரு முறை. அவள் டைனோசரின் வாலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நாளா இப்படி?" என்றார்.

"பின்பக்கம் எழுதியிருக்கேன், சார்."

பரிசு கொடுக்க வேண்டிய நான் அதைப் பிடுங்கிக்கொள்ள வந்தவள்போல நின்றேன். அவர் சட்டத்தை வாங்கி, கட்டைவிரலால் ஊசிகளை நெம்பி, அட்டையைக் கழற்றி, எல்லார் முன்னாலும் நின்றபடியே படித்தார். காது சிவந்துவிட்டது.

"இத எனக்கு யாரும் காட்டல. நீங்களும் சொல்லலியேம்மா."

"சொன்னேன், சார். மெதுவா சொன்னேன்."

அவர் கேக்கை வெட்டாமல் உள்ளே போய், அப்போதே காது டாக்டருக்குக் கடிதம் எழுதிக்கொண்டுவந்தார். அடுத்த மாதம் இருபத்திரண்டாம் தேதி பார்க்கிறார்கள். கேக்கை சார்ஜண்ட் வெட்டினார். டாக்டரை மாற்றும் படிவம் இனி எதற்கு? அதைத் தேடி எடுத்து ரத்து செய்யச் சொல்லி அலுவலகப் பெண்ணை ஏன் தொந்தரவு செய்வது என்று விட்டுவிட்டேன், பாவம், அவளுக்கு நிறைய வேலை.

ஆகவே அத்தை, கவலை தீர்ந்தது. அப்பாவிடமும் சொல்லுங்கள். ஈஸ்டருக்குக் கட்டாயம் வருகிறோம். உங்கள் முழங்காலுக்கும் நம் வீட்டார் எல்லாருக்கும் கன்னி மரியாள் துணையிருக்கட்டும்.

பணிவுடன்,
யெசேனியா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது தபால் வந்தது. என் வேண்டுகோளை மகிழ்ச்சியுடன் ஏற்று, வரும் ஒன்றாம் தேதி முதல் எங்களுக்கு வேறு டாக்டரை ஒதுக்கியிருக்கிறார்களாம். கேப்டன் விட்கம் கொடுத்த கடிதம் அன்றோடு செல்லாது. புதியவர் குழந்தையை முதலில் பார்க்க வேண்டும், அதற்கு ஏழு வாரம் ஆகும், அது சரியாக ஈஸ்டரில் வருகிறது. ஈஸ்டருக்கு எங்களை எதிர்பார்க்காதீர்கள். அப்பாவிடம் இன்னும் ஒன்றும் சொல்ல வேண்டாம். நாற்பது நிமிடமாகப் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு காத்திருக்கச் சொல்லி மருத்துவமனையார் போடும் பாட்டைக் கேட்டபடிதான் இதை எழுதுகிறேன். நயேலி என் காலடியில் இருக்கிறாள். இதோ பாட்டு நின்றுவிட்டது, யாரோ ஹலோ என்கிறார்கள். இந்த முறை முன்பக்கம் கிடையாது, அத்தை.