ஆயிரத்து நானூறு வரிகளில் ஒரு வரி

நீளமாக எழுதுகிறவன்தான் நல்ல புரோகிராமர் என்று நாற்பத்தாறு வயது வரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். ஃபங்ஷன் என்பது ஏதாவது ஒரு வேலையை மட்டும் செய்யும் சின்ன நிரல் துண்டு. ஒரு திரைக்குள் அடங்கினால் அழகு என்பார்கள். நான் எழுதியதில் ஒன்று ஆயிரத்து நானூறு வரி. உருட்டிக் கீழே போவதற்குள் விரல் வலிக்கும். அது யாருக்கும் புரியாததை என் மேதைமைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். (எனக்கும் புரியாது என்பதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.)

பொள்ளாச்சிப் பக்கத்து எண்ணெய் மில் ஒன்றில், எடைமேடையில் ஏறுகிற கொப்பரை லாரியை எடை போட்டுச் சீட்டு அடிப்பதுதான் அதன் வேலை. பதினொரு வருடமாக ஒரு புகார் இல்லை. எங்கள் பீளமேடு ஆபீசுக்குப் புதிதாக டீம் லீடராக வந்தார் தேவகி. சத்தியமங்கலத்துப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அதைத் திறந்து பார்த்தவர் உருட்டிக்கொண்டே கீழே போனார்.

“ஏனுங்கண்ணா, இது எங்கீங்க முடியுது?”

“இன்னும் பாதிகூட வரலீங்க அம்மணி.”

“இதைப் பிரிச்சு சின்னச் சின்னதா வெச்சுருங்க. படிச்சாப் புரியோணும். ஆனா இப்ப செய்யற வேலை மட்டும் துளிகூட மாறக் கூடாதுங்.”

மாறாது என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். அந்த மேசைக்கு வாயிருந்தால் அன்றே என்னை எச்சரித்திருக்கும்.

இரண்டு வாரம் உட்கார்ந்து முப்பத்தொரு துண்டாகப் பிரித்தேன். பெயரைப் பார்த்தாலே வேலை தெரிய வேண்டும் என்று தேவகி சொல்லியிருந்ததால் ‘எடை பாருங்க’, ‘சீட்டு அடிங்க’ என்று பெயர் வைத்தேன். (கம்ப்யூட்டராகவே இருந்தாலும் நம்மூரில் வேலை பார்க்கிறதல்லவா?) தொள்ளாயிரத்துச் சொச்சமாவது வரியில் ஒரு விசித்திரம். லாரி மேடையில் வந்து நின்றதும் இரண்டு நிமிடம் சும்மா இரு என்று எழுதியிருந்தது. ஏன், எதற்கு என்று ஒரு குறிப்பும் இல்லை. எனக்குப் பின்னால் இதில் கைவைத்த எந்த மடையன் எழுதினானோ என்று வாய்விட்டுச் சிரித்து அதை அழித்தேன். லாரிக்கு இரண்டு நிமிடம் மிச்சம் பிடித்துக் கொடுத்த பெருமையில் அன்றைக்கு டீ இரண்டு குடித்தேன்.

திங்கட்கிழமை காலையில் புதியதை ஏற்றினோம். பத்தரைக்கு மில் முதலாளி போனில் வந்தார்.

“ஏனுங்க, உங்க கம்ப்யூட்டர்ல கொப்பரை காய்க்குதுங்களா?”

“என்னங்க சொல்றீங்க?”

“மூட்டை எண்ணிக்கை சரியா இருக்குது. எடை மட்டும் கூடக் காட்டுதுங்க. அஞ்சு லாரி ரோட்டுல நிக்குது. பொழுதுக்குள்ள சரியாகலீன்னா பொட்டியக் கழட்டித் தந்தர்றனுங்க, எடுத்துட்டுப் போயிருங்க.”

இத்தனை ‘ங்க’ போட்டுத் திட்டுகிற மனிதர் நிஜமாகவே கழற்றிவிடுவார்.

தேவகி நிதானமாகக் கேட்டார்: “பழசையே ஏத்திரலாங்களாண்ணா?”

“வேண்டாம்மா. நானே கண்டுபுடிச்சர்றேன்.” (பேசியது நானில்லை, என் மானம்.)

“ரெண்டு மணி வரைக்கும் பாருங்க. அப்புறம் பழசை ஏத்திப்போட்டு, இந்த மில்லு வேலையை வேற ஆளுக்குக் குடுத்தர்றேன்.”

முப்பத்தொரு துண்டையும் சோதித்தேன். எல்லாம் சரி. ஆனால் ஒரு லாரிக்கு எழுபது கிலோ கூடுதல், இன்னொன்றுக்கு நூற்று நாற்பது, மற்றொன்றுக்கு இருநூற்றுப் பத்துக்குப் பக்கம். ஆகா, எங்கோ எழுபதால் பெருக்குகிறது! நிரல் முழுக்க எழுபதைத் தேடினேன். ஓரிடத்திலும் இல்லை. மனைவிக்குப் போன் போட்டேன்.

“சரசு, எனக்கு வேலை போயிருச்சுன்னே வெச்சுக்கோ.”

“அது கெடக்குதுங்க. மத்தியானம் சோத்துக்கு வருவீங்களா, மாட்டீங்களா?”

பைக்கை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சிக்குப் பறந்தேன். வழியெல்லாம் என் ராஜினாமா கடிதத்தை மனதுக்குள் எழுதினேன். அதுவும் நீளமாகத்தான் வந்தது.

மில்லுக்குள் நுழைந்தபோது மணி ஒன்றே முக்கால். அப்போதுதான் ஒரு லாரி மேடை ஏறி நின்றது. எடைமேடையைப் பார்த்துக்கொள்ளும் பொன்னுசாமி அறையிலிருந்து இறங்கி வந்தார்.

“வாங்க, வாங்க! ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?”

“நல்லாருக்கறமுங்க. நம்ம தோட்டத்துப் பக்கம் மழைங்களா?” என்றார் சீட்டில் உட்கார்ந்தபடியே டிரைவர்.

“எங்கீங்க, தூத்தலோட நின்னுபோச்சு,” என்றார் பொன்னுசாமி. மூட்டைகளின் மேல் சாய்ந்திருந்த இரண்டு லோடுமேன்களும் மழை நிலவரத்தில் கலந்துகொண்டார்கள்.

உள்ளே பிரிண்டர் ‘சர்ர்’ரென்று சீட்டு அடித்தது.

மூட்டை மேல் இரண்டு பேர், வண்டிக்குள் ஒருவர். மூன்று எழுபது எவ்வளவு? நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“பொன்னுசாமியண்ணா, எப்பவுமே பேசி முடிச்சுத்தான் எறங்குவாங்களா?”

“பின்னே? வந்தவங்களை வாங்கன்னு கேக்காமயே எடை போடறதுங்களா? உங்க பழைய மிசினு நாங்க பேசி முடிக்கற மட்டும் பொறுத்திருக்குமுங்க. இந்தப் புதுசுக்கு மரியாதையே தெரியறதில்லீங்க.”

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தேவகியைக் கூப்பிட்டுச் சொன்னேன். எதிர்முனையில் அடக்க முடியாத சிரிப்பு. அந்த வரியைத் தனி ஃபங்ஷனாக்கி, ‘எல்லாரும் இறங்கட்டுங்க’ என்று அவரே பெயர் வைத்து ஏற்றினார். லாரிகள் நகர்ந்தன. மில் வேலை என் கையிலேயே தங்கியது.

இன்றும் எங்கள் கார் எந்தக் கல்யாண மண்டபத்து வாசலில் நின்றாலும், கதவைச் சாத்திவிட்டு என் மகள் கத்துவாள்: “எல்லாரும் எறங்கியாச்சு. அப்பா, சீட்டு அடிச்சுக்கலாம்!” சரசு கூட்டத்துக்கு நடுவிலேயே சிரிப்பாள்.

அந்த மடையன் யாரென்று மறுநாள் தேவகி பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்தார். பதினொரு வருடத்துக்கு முன்னால், எடைமேடையை நிறுவிய அன்று, அதே மில்லில் உட்கார்ந்து அந்த வரியைச் சேர்த்தது நான்தான்.