பானட் சாரின் காது

கார் வைத்திருப்பவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். காரில் ஏறி எங்கேயாவது போய்விட்டு வருவார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே சொல்ல வந்தது வேறோர் இனம். இவர்கள் காரில் போவதில்லை. காரிடம் போகிறார்கள். காலையில் எழுந்ததும், பல் விளக்குவதற்கு முன்னால் கராஜுக்குப் போய், போர்வையை மெல்ல விலக்கி, அது நல்லபடியாகத் தூங்கிற்றா என்று பார்த்துவிட்டு வருகிறவர்கள். அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வீட்டில் எல்லாரும் போய்வருகிற கார் வெளியே வெயிலில் வெளுத்து, மழையில் ஊறிக்கொண்டு நிற்கும். யாரும் எங்கும் போகாத கார் கூரைக்கடியில், மெத்தென்ற போர்வைக்குள் நிற்கும். குளியலறையிலிருந்து நல்ல நல்ல துண்டாகப் பார்த்துக் காணாமல் போகும். பல் துலக்கும் பிரஷ் காலையில் வெள்ளையாகப் போய் மாலையில் கறுப்பாகத் திரும்பும். கேட்டால், "கொஞ்சம் இண்டு இடுக்குல தேய்க்க வேண்டியிருந்தது" என்பார்கள். யாருடைய பிரஷ் என்று மட்டும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த இனத்தில் நம் தெருவுக்கு வாய்த்தவர் பானட் சார். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் மேலாளர். பெற்றோர் வைத்த பெயர் அங்கே கதவில் பித்தளைத் தகட்டில் இருக்கிறது. தெருவில் யாருக்கும் அது நினைவில்லை. காரணம், தெருவில் பாதிப் பேருக்கு அவர் முகமே பழக்கமில்லை. இடுப்புக்கு மேலே உள்ள பகுதி எப்போதும் காரின் இன்ஜின் மூடியான பானட்டுக்குள் இருக்கும். கடைவீதியில் எதிரே வந்தால் யாரோ என்று நினைத்து விலகுவார்கள், அவர் கடந்துபோய் முதுகு காட்டிய பிறகுதான், "அடடே, நம்ம சார்!" என்பார்கள்.

கார் கரும்பச்சை. இரண்டே பேர் உட்காரலாம், அதுவும் கிட்டத்தட்டப் படுத்த வாக்கில். அவர் பிறப்பதற்கு முன்னால் அது பந்தயங்களில் பறந்ததாம். அவர் வாங்கிய பிறகு அது போனது தெருமுனை வரைக்கும். திரும்பி வந்ததெல்லாம் பிறர் தள்ளி. அந்த வீட்டில் 'அவ' என்றால் கார், 'இவ' என்றால் மனைவி. "அவளுக்கு உடம்பு சரியில்ல" என்று பானட் சார் சொன்னால் நீங்கள் பதறக் கூடாது; ரேடியேட்டர் கசிகிறது என்று பொருள். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன சொல்வார்? அப்படி அவர் எதுவும் சொல்லி யாரும் கேட்டதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, அவருக்கு ஒரு காது இருந்தது. எல்லாருக்கும் இருக்கிறதே என்கிறீர்களா? இது வேறு. தேநீருக்கு என்று கூப்பிட்டு, தேநீர் கையில் வருவதற்குள் விருந்தாளியைக் கராஜுக்கு நடத்திப் போய், இன்ஜினைக் கிளப்பிவிட்டு, உதட்டில் விரலை வைப்பார்.

"ஷ்ஷ்... கேட்டீங்களா?"

விருந்தாளிக்குக் கேட்பது ஒரே இரைச்சல். ஆனாலும் தலையை ஆட்டுவார். ஆட்டாவிட்டால் திரும்பவும் கிளப்புவாரே.

"மூணாவது சிலிண்டர். இன்னிக்குக் கொஞ்சம் கோவமா இருக்கா. இதையெல்லாம் மெக்கானிக்குங்க மெஷின் வெச்சுப் பாப்பாங்க. எனக்கு இது போதும்" என்று காது மடலைத் தொட்டுக் காட்டுவார், கோயில் மணியைத் தொடுகிற பக்தியோடு. சமையலறைக் குழாய் வருடக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் மட்டும் அந்த மகா காதில் விழுந்ததில்லை.

அவர் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. கணக்குப் பாடம். அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. முதலில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று கோபித்துக்கொண்டாள். அப்புறம் நடு பெஞ்சும் அப்படியே பேசத் தொடங்கியபோது புரிந்துவிட்டது. வெளியே சொல்லக் கூச்சம். வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம் வேறு. ஒவ்வொரு பெஞ்சாக நடந்துபோய், பிள்ளைகளின் உதட்டைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொள்ளப் பழகினாள். பால்காரர், பக்கத்து வீட்டுக்காரி, தலைமையாசிரியர் என்று எல்லாரிடமும் உதடு பார்த்தே சமாளித்தாள். புருஷனிடம் மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை. எப்படிப் பலிக்கும்? இடுப்புக்குக் கீழே உதடு ஏது?

"துணி கொண்டா!" என்று பானட்டுக்குள்ளிருந்து குரல் வரும். அவள் தண்ணீர் கொண்டுவந்து நிற்பாள். அவர் அதை மடமடவென்று குடித்துவிட்டு, "நான் என்ன கேட்டா நீ என்ன குடுக்கற? கவனமே கிடையாது உனக்கு" என்று டம்ளரைத் திருப்பித் தருவார். ஒருநாள் "பேட்டரி போயிடுச்சு" என்று அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, இவள் பதறிப்போய், "ஐயோ, எந்தப் பாட்டிங்க?" என்று கேட்டாள். பொம்பளைகளுக்கும் இயந்திரங்களுக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு உதாரணமாக இதை அலுவலகத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கூடச் சிரித்தவர்கள் எல்லாரும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள். அதனால் சிரிப்பு பலமாகவே இருந்தது.

இந்தச் சமயத்தில் மனைவியின் தங்கை ஊரிலிருந்து வந்தாள், சில நாள் தங்கிப் போகலாம் என்று. வாய்த் துடுக்கு உள்ளவள். பெட்டியை வைத்த அன்றைக்கே, சமையலறையில் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

"அக்கா, உனக்குக் காது கேக்கலையா?"

"மெதுவாப் பேசுடி. அவர் காதுல விழுந்துடப் போகுது."

"அவர் காதுலயா? பக்கத்துல நின்னு பறையடிச்சாலும் விழாது. நீ அவர்கிட்ட சொன்னதே இல்லையா?"

"சொன்னேன். ரெண்டு மூணு வாட்டி சொன்னேன். ஒருதரம் 'ம்' கொட்டினார். அப்புறம் பாத்தா இன்ஜினுக்குக் கொட்டியிருக்கார்."

தங்கை நேராகக் கராஜுக்குப் போனாள். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றிடம் சொன்னாள்: "மாமா, அக்காவுக்குக் காது சுத்தமா மந்தமாயிடுச்சு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதாம்மா" என்றன கால்கள். "ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம். அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பானரைக் கொஞ்சம் தள்ளிவிடு."

தங்கை ஸ்பானரைத் தள்ளித்தான் விட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றுதான் தேர் புறப்படும் நாள். பானட் சார் தோல் கையுறை மாட்டி, தட்டைத் தொப்பி போட்டு, கண்ணாடி அணிந்து, அந்தத் தாழ்ந்த இருக்கைக்குள் தம்மைப் பகுதி பகுதியாக இறக்கிக்கொண்டார். இன்ஜின் உறுமிற்று. எதிர்வீட்டுப் பூனை மதிலை விட்டு ஓடியது. மூன்று தெரு தள்ளி ஒரு குழந்தை விழித்து அழுதது. கராஜிலிருந்து வாசல் கேட்டுக்குப் போகிற குறுகலான பாதையில், கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அவர் மனைவிக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு, வாயில் கிளிப்பைக் கவ்வியபடி, ஒரு போர்வையை உதறிக்கொண்டிருந்தாள்.

பின்னால் எடுக்கிறவன் பின்னால் பார்க்க வேண்டும். அது சாதாரண மனிதனுக்கு. பானட் சார் காரைப் பின்னால் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். மூடினால்தான் இன்ஜின் தெளிவாகக் கேட்குமாம்.

படியில் நின்ற தங்கை பார்த்துவிட்டாள். "அக்கா! தள்ளு! மாமா, நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

பானட் சாரின் நெற்றி சுருங்கியது. எங்கேயோ கிறீச்சென்று ஒரு சத்தம். ஃபேன் பெல்ட்டா? வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடினால் பெல்ட்தான் என்பது அவர் சாஸ்திரம். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்திப் பார்த்தார். சத்தம் கூடிற்று. கூடாமல் என்ன செய்யும்? தங்கை படியிறங்கி, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடிவந்துகொண்டிருந்தாள். 'சந்தேகமே இல்ல, பெல்ட்தான்' என்று அவர் திருப்தியோடு தலையசைத்தார். அந்தத் திருப்தியில் இருக்கும்போதுதான் தடாலென்று இடித்தது.

வாளி நசுங்கியது. கொடி அறுந்தது. மனைவி ஈரத் துணிகளோடு சுருண்டு விழுந்தாள். விழும்போது ஊன்றிய கை மணிக்கட்டில் மடங்கிவிட்டது. கார் ஒரு தரம் இருமி அணைந்தது.

பானட் சார் இறங்கி ஓடினார். பின்பக்கத்தை ஈரப் போர்வை மூடிக்கிடந்தது. அதை இழுத்துவிட்டு, குனிந்து, பம்பரைத் தடவினார். நெளிவில்லை. அதற்கப்புறம்தான் அவர் கண் கீழே போயிற்று. இடையில் போனது ஒரு கண நேரம்தான். ஆனால் தரையில் கிடந்தபடி அவள் அதைப் பார்த்துவிட்டாள். காதுதானே போயிருந்தது? கண் நன்றாகத்தான் இருந்தது.

"உனக்குக் காது செவிடா? இவ்வளவு சத்தம் போட்டுக்கிட்டு வர்றேன்..." என்று ஆரம்பித்தவர், தங்கையின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்.

பச்சை ரதம் மறுபடி கிளம்ப மறுத்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர்தான், யாரும் திரும்பிப் பார்க்காத தன் சாதாரணக் காரில், அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். கைக்குக் கட்டுப் போட்டார்கள். தங்கை விடாமல் காது டாக்டரிடமும் இழுத்துப்போனாள். பரிசோதனையெல்லாம் முடிந்த பிறகு டாக்டர் நிமிர்ந்தார்.

"ரெண்டு காதுலயும் நரம்பு பலவீனம். இது திடீர்னு வந்ததில்ல. வருஷக்கணக்கா இருந்திருக்கும். வீட்ல யாரும் கவனிக்கலையா?"

"நான்தானே இருக்கேன் டாக்டர்" என்றார் பானட் சார். "எனக்குக் காது ரொம்பக் கூர்மை."

டாக்டர் அவரைச் சற்று நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்பதைப் பானட் சார் கவனிக்கவில்லை. அவருக்கு மனதுக்குள் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டே விட்டார்: "அப்போ... சைலன்சர் சத்தத்தால வந்ததில்லையே?"

"அதனாலதான்னு சொல்ல முடியாது."

அப்பாடா என்று மூச்சு விட்டார். மனைவி அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சில நாள் பானட் சார் கராஜ் பக்கம் போகவில்லை. தேநீர் போட்டார். துணி உலர்த்தினார். குழாய்க்காரரை வரவழைத்துச் சொட்டுகிற குழாயைச் சரி செய்தார். திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்கள், இல்லையா? தங்கையும் அப்படித்தான் நினைத்து ஊருக்குத் திரும்பிப் போனாள். காதுக் கருவியும் வந்து சேர்ந்தது. மனைவி அதை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு குருவி கத்தியது. அது கத்தும் என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

அப்போது பானட் சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்தார். எவ்வளவோ காலத்துக்கு அப்புறம் அவளை அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு கவனமாகப் பார்க்கிறார். அவள் அசையாமல் இருந்தாள். அந்த வயதிலும் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஏதோ சொல்லப் போகிறார், அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி, அந்தப் பம்பரைப் பற்றி.

"லேசா விசில் அடிக்குது" என்றார் அவர். "சீல் சரியா உக்காரல. கழட்டிக் குடு, ஒரு நிமிஷத்துல டியூன் பண்ணித் தர்றேன்."

சட்டைப்பையில் சின்ன ஸ்க்ரூ டிரைவர் தயாராக இருந்தது.

"கையை எடுங்க" என்றாள் அவள்.

"அட, எனக்குத் தெரியாததா..."

"கையை எடுங்கன்னேன்."

அவள் குரல் அப்படி உயர்ந்து அந்த வீடு கேட்டதில்லை. அவர் எடுத்துவிட்டார். பள்ளி விடுமுறை தொடங்கியதும் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். "ரெஸ்ட் எடுக்கப் போயிருக்கா" என்று அவர் தெருவில் சொல்லிக்கொண்டார். விடுமுறை முடிந்தது. அங்கேயே பக்கத்தில் ஒரு பள்ளியில் அவள் சேர்ந்துவிட்டதாகப் பேச்சு அடிபட்டது. அதற்கும் அவர், "அங்க காத்து நல்லாருக்காம்" என்றார்.

தனியாக இருக்கும் மனிதர் உடைந்துபோயிருப்பார் என்று எதிர்வீட்டுக்காரர் ஆறுதல் சொல்லப் போனார். பானட் சார் பானட்டுக்குள்ளிருந்தே பதில் சொன்னார்: "வீடு அமைதியா இருக்கறதால வால்வு சத்தம் எவ்வளவு சுத்தமாக் கேக்குது தெரியுமா?"

ஒருநாள் சாயங்காலம் இன்ஜின், அவருடைய வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒரு பிசிறும் இல்லாமல் சீராக ஓடிற்று. இந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? மனைவிக்குத்தான் போன் போட்டார். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. போனை இன்ஜினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் தளும்பக் கத்தினார்:

"கேக்குதா? இப்பவாவது கேக்குதா?"

"நல்லாக் கேக்குதுங்க" என்றாள் அவள். "அதனாலதான் வைக்கிறேன்."

வைத்துவிட்டாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் போனை இன்ஜினுக்குக் காட்டிக்கொண்டு நின்றார்.

உங்களிடம் பச்சைக் கார் இல்லை, எனக்குத் தெரியும். கராஜ்கூட இருக்காது. ரோஜாத் தொட்டியோ, கேமராவோ, கிரிக்கெட்டோ, கையை விட்டு இறங்காத அந்தப் போனோ, ஏதோ ஒன்று இருக்கும். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. இன்னொன்றுதான் கேட்கவேண்டும். நீங்கள் இதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒருவர் உங்களைக் கூப்பிட்டார். நீங்களும் 'ம்' கொட்டினீர்கள்.

என்ன சொன்னார்?