அஞ்சு எச்.பி. கல்யாணப் பத்திரிகை

ஒரு வேலையைப் பாதி கற்றுக்கொண்டவனைப் போல ஆபத்தான பிறவி உலகத்தில் கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் கோவை காந்திபுரத்தில் அந்தப் பிறவி நான்தான்.

கம்ப்யூட்டரில் எழுத்துக் கோத்து அச்சுக்குக் கொடுக்கும் டி.டி.பி. சென்டரில் வேலை. கோவையில் டி.டி.பி. என்றால் முக்கால்வாசி பம்ப்செட் விளம்பரம். அதற்கென்றே ஓர் ஆங்கில எழுத்துரு வைத்திருந்தோம். தடித்த எழுத்து, ஒவ்வொன்றின் காலிலும் சதுரக் கட்டை, மொத்தமும் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். காலில் செங்கல்லைக் கட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி. மோட்டார், கிரைண்டர், லாரியின் நெற்றி எல்லாவற்றுக்கும் பிரமாதமாகப் பொருந்தும். கல்யாணப் பத்திரிகைக்கும் பொருந்தும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. (பலமும் வேகமும் இல்லாத இல்லறம் என்ன இல்லறம்!)

அதுவும் என் கல்யாணப் பத்திரிகை. கவரின் மேல் நீல மையில் என் பெயர், அதன்கீழ் சரசுவின் பெயர், அடியில் கனமாக ஒரு கோடு. யாருக்கும் காட்டாமல் ஆயிரம் பிரதி அடித்தேன். எல்லோரையும் அசத்த வேண்டுமாம்.

பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு சூலூரில் பெண் வீட்டுக்குப் போனேன். அந்தியூரிலிருந்து சரசுவின் தாய்மாமன் வந்திருந்தார். தன்னைக் கேட்காமல் தேதி குறித்துவிட்டார்கள் என்ற கோபத்தில் நிச்சயத்துக்கே வராதவர். தாய்மாமன் இல்லாமல் எங்கள் பக்கம் கல்யாணம் நடக்காது. முதல் பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்து அவரைச் சமாதானப்படுத்துவதாக ஏற்பாடு. மாமனார் உள்ளே வெற்றிலை பாக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லையே! வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு கவரை நீட்டினேன்.

அவர் கண்ணாடி போடாமலே கவரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வாங்க தம்பி! இங்கயே தேடி வந்துட்டீங்களா? மோட்டார் எரிஞ்சுபோச்சு, ஆளனுப்புங்கன்னு கடையில சொல்லி மூணு நாளாச்சுங்க. எங்க கெணறு அறுவதடி. எத்தன எச்.பி. போடலாமுங்க?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கோ அடித்து அடித்து பம்ப்செட் விலைப்பட்டியல்தான் மனப்பாடம்.

"அஞ்சு எச்.பி. போதுங்க" என்றேன்.

தட்டோடு வந்த மாமனார், "மச்சான், மாப்ளகிட்டப் பேசிட்டீங்களா?" என்றார்.

"மாப்ளயா?" தாய்மாமன் கண்ணாடியை மாட்டிக் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க மச்சான், கல்யாணத்துக்குக் கூப்புடறீங்களா, தண்ணி எறைக்கக் கூப்புடறீங்களா?"

மாமனார் என்னைப் பார்த்த பார்வையில் கல்யாணமே நின்றுபோய்விட்டது. அப்போதுதான் உள்ளேயிருந்து சரசு சிரித்தாள். அடக்க முடியாமல், விழுந்து விழுந்து.

தாய்மாமன் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு அவருக்கும் தாங்கவில்லை. "அம்மணி சிரிச்சுப்போட்டா, நா இன்னி எங்கீங்க கோவிக்கறது? வாரேன். ஆனா மோட்டார மாப்ளதான் வந்து மாட்டோணும்."

மாட்டினேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம், மாப்பிள்ளை முறுக்கெல்லாம் கிணற்றடிச் சேற்றில் கரைய.

போன வருடம் மகளுக்குப் பத்திரிகை அடித்தோம். எழுத்தைத் தேர்ந்தெடுக்க என்னைக் கூப்பிடவே இல்லை. கொடி மாதிரி நெளியும் எழுத்து. தள்ளாத வயதில் அதை வாங்கிய தாய்மாமன் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க மாப்ள, இதுல எத்தன எச்.பி.ன்னு போடவே இல்லீங்களே?"