புரட்டாதிச் சனியும் நாசி லெமாக்கும்

விரதம் பிடிக்கிறவனை விருந்துக்குக் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டாலும் அவனுக்காக விடியவெள்ளன எழும்பிச் சமைக்கக்கூடாது. சமைத்தாலும் அதைக் கொண்டுபோய் வெட்டவெளியில் பரப்பி வைக்கவே கூடாது. இந்த மூன்றையும் ஒரே நாளில் செய்த ஒரு நல்ல குடும்பத்துக்கு என்னால் நேர்ந்ததைத்தான் சொல்லப்போகிறேன். (என் மனைவி இதைப் பார்த்தால், "இன்னும் விடேல்லையே அந்தக் கதையை?" என்பாள். நான் விட்டாலும் மற்றவர்கள் விட்டால்தானே.)

அது எழுபதுகளின் நடுப்பகுதி. நான் மெல்பேர்ணுக்குத் தனியாக வந்து சேர்ந்திருந்தேன். பெரிய படிப்பு இல்லை. யாழ்ப்பாணத்தில் வெல்டிங் பழகிய கை, டண்டினொங்கில் ஒரு பக்டரியில் எனக்கு இடம் பிடித்துத் தந்தது. மனைவி தவமணியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில். அவர்களுக்கு விசா வரும் வரும் என்றார்கள், வரவில்லை. நான் புறப்படும்போது சாத்திரியார் குறிப்பைப் பார்த்து, "ஏழரைச் சனி நடக்குது. புரட்டாதிச் சனிக்கிழமையளைத் தவறாமல் பிடி. காகத்துக்கு வைக்காமல் ஒரு பருக்கையும் வாயில வைக்காதை. குடும்பம் வந்து சேரும்" என்று சொல்லியிருந்தார். விசா கொடுப்பது கன்பராவா சனீஸ்வரனா என்று எனக்குத் திட்டமாகத் தெரியாது. கன்பராவில் எனக்குத் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. ஆகவே சனீஸ்வரனைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு கிழவியின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். நல்ல மனுசி. ஆனால் கறி மணம் மட்டும் அவருக்கு ஆகாது. அதனால் பாண், ஜாம், அவித்த உருளைக்கிழங்கு, வெறுஞ்சோறு. சாப்பாடாவது பரவாயில்லை, பேச ஆளில்லாததுதான் பெரிய பட்டினி. வார விடுமுறையில் தேவாரம் பாடுகிற நேரம் தவிர என் குரல் எனக்கே கேட்காது. அதையும் கிழவி பயந்துவிடக்கூடாது என்று முணுமுணுத்துத்தான் பாடுவேன்.

பக்டரியில் முத்தையா அண்ணை இருந்தார். மலேசியாவில் ஈப்போக்காரர். முதல் நாள் காலையில் என்னைக் கண்டதும் அவர் கேட்டது, "பசியாறியாச்சா தம்பி?" அவர்கள் ஊரில் காலை வணக்கமே அதுதானாம். அந்த நாட்டில் இறங்கிய பிறகு, சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்ட முதல் மனிதர் அவர். "ஓம் அண்ணை" என்று பொய் சொல்லிவிட்டு, முகம் கழுவுகிற சாட்டில் குழாயடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

இளவயதில் அவர் ஈப்போவில் ரொட்டிக் கடையில் வேலை செய்தவர். மெஷின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்தி எனக்கு வாயாலேயே விருந்து வைப்பார்.

"ரொட்டி சானாய் தம்பி! மாவ வீசினா காத்துல சேலை மாதிரி விரியும்லா! மத்தியான வெயிலுக்கு ஒரு செண்டோல். ஐஸைச் சீவி, தேங்காப்பால ஊத்தி, மேல பனஞ்சக்கரைப் பாகு!"

அவர் சொல்லச் சொல்ல என் பாணில் பூசிய ஜாம் மெலிந்துகொண்டே போகும்.

ஒருநாள் அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது தேங்காய்ப்பால் சோற்றில் ரம்பை இலை மணத்தது. எங்கள் குசினி மணம். கையில் பாண் துண்டோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"நாசி லெமாக் தம்பி. ஆனா நெத்திலி கிடக்கு, உங்களுக்கு ஆகாது."

"மணம் ஆகும் அண்ணை" என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க. புரட்டாசி மாசம் நாங்களும் சைவந்தான். நெத்திலி இல்லாம, பெலாச்சான் இல்லாம என் வீட்டுக்காரி சரோஜா உங்களுக்குன்னே செய்வா." (பெலாச்சான் என்பது இறாலை இடித்துச் செய்கிற கட்டி. அது இல்லாமல் மிளகாய்ச் சம்பால் செய்வது, உப்பில்லாமல் ஊறுகாய் போடுவது மாதிரியாம். எனக்காக அதையும் செய்தார் அந்த அக்கா.)

அந்தச் சனிக்கிழமை முழுகி, விபூதி பூசி, வேட்டி கட்டி, மேலே ஒரு கோட்டையும் போட்டுக்கொண்டு ரயிலேறினேன். என் பக்கத்து இருக்கையில் கடைசி வரை ஒருவரும் உட்காரவில்லை.

குளிர்காலம் போய் நல்ல வெயில் எறித்த நாள். பின்வளவில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, எல்லாவற்றையும் பரப்பியிருந்தார்கள். பெரிய பானையில் நாசி லெமாக். சாயூர் லோடே என்று தேங்காய்ப்பாலில் மிதக்கிற காய்கறிக் குழம்பு. சிவக்க வதக்கிய சம்பால், அச்சார், வறுத்த கச்சான் கடலை, வெள்ளரிக்காய். அந்த நாளில் மெல்பேர்ணில் தேங்காய் ஏது? கடையில் விற்கிற உலர்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுநீரில் ஊறவைத்து, துணியில் கட்டிப் பிழிந்து பிழிந்து எடுத்த பால். சரோஜா அக்காவின் உள்ளங்கை இரண்டும் சிவந்து கிடந்தன.

"உக்காருங்க தம்பி" என்றார்.

நான் நெளிந்தேன். "அக்கா, குறை நினைக்காதேங்கோ. முதல்ல காகத்துக்கு ஒரு பிடி வைக்கவேணும். அது சாப்பிட்ட பிறகுதான் நான்..."

"அதுக்கென்ன, வைங்க" என்றார் அக்கா. பாவம், அவருக்கு என்ன தெரியும்?

ஊரில் காகத்தைக் கூப்பிடத் தேவையில்லை. விரட்டத்தான் ஆள் வேண்டும். மெல்பேர்ண் காகம் அப்படியல்ல. வெள்ளைக் கண், குழந்தை அழுகிற மாதிரிக் குரல், இறைச்சிதான் ஆகாரம். அதற்கு முந்தின சனிக்கிழமை கிழவியின் நாய்ச் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் சோற்றை வைத்து, நாயின் பங்கைத் தின்ன வந்த காகத்தின் கால் சோற்றில் பட்டதையே கணக்கில் எடுத்து விரதத்தை முடித்திருந்தேன். (சாத்திரியாருக்கு இது தெரியாது.)

வேலியோரம் கவிழ்ந்து கிடந்த பூச்சாடியின் மேல் சோற்றை வைத்து, "கா... கா... கா..." என்று கூப்பிட்டேன். காகம் வரவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர்தான் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"யூ ரைற், மேற்?"

"யெஸ் சேர். வெயிற்றிங் ஃபோ குறோ."

அவர் என் வேட்டியைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், பூச்சாடியைப் பார்த்தார். ஒரு சொசேஜ் துண்டு வைத்தால் உடனே வரும் என்று இங்கிலீசில் சொல்லி, போய் எடுத்துவரட்டுமா என்றும் கேட்டார். புரட்டாதிச் சனிக்கிழமையில்! "நோ சேர், தாங்க் யூ சேர்" என்று கும்பிட்டேன்.

விருந்தாளி சாப்பிடாமல் வீட்டுக்காரர் சாப்பிடுவதா? மூவரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். அவர்களுடைய மகள் செல்விக்கு அப்போது ஏழு வயதிருக்கும்.

"அம்மா, பசிக்குது" என்றாள்.

"அங்கிள் காக்கா வந்ததும் சாப்பிடலாம்."

"அங்கிளோட காக்கா எங்கம்மா இருக்கு?"

"சிலோன்லேந்து வரணும் போலிருக்கு" என்றார் முத்தையா அண்ணை.

அந்த நேரம் கறுப்பும் வெள்ளையுமான ஒரு பறவை வந்து பூச்சாடியில் இறங்கியது. மக்பை என்பார்கள்.

"அந்தா வந்துருச்சு!"

"அண்ணை, அது காகமில்லை. வெள்ளையும் கிடக்கு."

"பாதி கறுப்புதானே தம்பி? பாதி விரதம் முடிஞ்சதா வச்சுக்கிட்டு, பாதி வயிறு சாப்பிடலாம்லா."

"சோறு ஆறுதுங்க" என்றார் அக்கா. அவர் குரலும் ஆறிக்கொண்டு வந்தது.

தவமணியும் பிள்ளைகளும் கண்ணுக்குள் நின்றார்கள். அரைக் காகத்துக்கு அரை விசா வந்து, ஆள் பாதி வழியில் நின்றுவிட்டால்? "சூ! சூ!" என்று கோட்டைக் கழற்றி வீசி அதை விரட்டினேன். புரட்டாதி மாதம்தான் அந்த நாட்டில் மக்பை குஞ்சு பொரிக்கிற காலம் என்பதும், அந்தக் காலத்தில் அது மனிதரின் பிடரியைப் பார்த்து இறங்கும் என்பதும் எனக்கு யார் சொன்னது? சாத்திரியாரின் பஞ்சாங்கத்தில் அது இல்லை.

போன பறவை திரும்பி வந்தது. காதடியில் 'கிளக்' என்று அலகுச் சத்தம். பிடரியில் ஒரு கொத்து. "முருகா!" என்று குந்திவிட்டேன். செல்வி உள்ளே ஓடிப்போய், பள்ளிக்கூடம் போகும்போது தான் தலையில் கவிழ்க்கிற ஐஸ்கிரீம் பெட்டியைக் கொண்டுவந்து தந்தாள். பறவையை ஏமாற்ற அதில் இரண்டு கண் கீறியிருந்தது. அதைக் கவிழ்த்துக்கொண்டு மறுபடியும் நின்றேன். இடுப்பில் வேட்டி, நெற்றியில் விபூதி, தலையில் ஐஸ்கிரீம் பெட்டி, வாயில் "கா... கா..." வெள்ளைக்காரர் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்.

இரண்டாம் முறை அது பின்னால் வந்தது. நான் ஓடினேன். பெட்டி சரிந்து என் கண்ணை மூடியது. கால் வேட்டியில் சிக்கியது. "தம்பி! மேசை! மேசை!" என்று அண்ணை கத்தியது கேட்டது. ஆனால் மேசை எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை.

பெட்டியைத் தூக்கிப் பார்த்தபோது நான் வெள்ளைத் துணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு புல்லில் கிடந்தேன். நாசி லெமாக் ஒரு பக்கம், சாயூர் லோடே என் மடியில். அக்கா உள்ளங்கை சிவக்கப் பிழிந்த பால் புல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து, கூரை முகட்டிலிருந்து குழந்தை அழுகிற மாதிரி ஒரு குரல். பிறகு இன்னொன்று. ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. சுத்தக் கறுப்பு. இறைச்சி தவிர வேறொன்றையும் தொடாத மெல்பேர்ண் காகங்கள் சரோஜா அக்காவின் சோற்றைச் சண்டை பிடித்துச் சாப்பிட்டன. கச்சானையும் விடவில்லை.

"தம்பி, உங்க விரதம் முடிஞ்சிருச்சு" என்றார் முத்தையா அண்ணை.

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது. மாதக்கணக்காக ஒரு வீட்டுக்காக ஏங்கி, கிடைத்த ஒரே வீட்டையும் ஒரு மத்தியானத்தில் கவிழ்த்துவிட்டேன். தட்டுகளைப் பொறுக்கி அடுக்கினேன். கோட்டைத் தேடி எடுத்துக்கொண்டு, "நான் போட்டு வாறன் அண்ணை" என்றேன்.

கதவு திறந்தது.

"எங்க போறீங்க?" அக்காவின் கண் சிவந்திருந்தது.

"அக்கா, என்னை..."

"இந்த நாட்டுக்கு வந்ததுலேர்ந்து இந்த வீட்டுக்குச் சாப்பிட ஒரு ஆள் வந்ததில்ல. நாலாவது தட்டு வச்சது இன்னிக்குத்தான். காக்கா தின்னுட்டுப் போச்சு, நீங்களும் போயிட்டா அந்தத் தட்ட வச்சு நான் என்னா பண்றது?"

நான் கோட்டைக் கதிரையில் போட்டேன்.

"ஏங்க, நின்னுக்கிட்டே இருந்தா ஆச்சா? நாளைக் காலைக்குப் பிசைஞ்ச மாவு இருக்கு. கையக் கழுவிட்டு வீசுங்க."

முத்தையா அண்ணை ஈப்போவில் விட்ட வேலையை டண்டினொங் குசினியில் தொடர்ந்தார். மாவு உண்மையாகவே சேலை மாதிரி விரிந்தது. ஒருமுறை விளக்கிலும் போய் விழுந்தது. சட்டியில் ஒட்டியிருந்த சம்பாலை அக்கா வழித்துத் தந்தார். குழம்பில் நனைந்த வேட்டிக்குப் பதில் அண்ணையின் சாரத்தைக் கட்டிக்கொண்டு, அடுப்படியில் நின்றபடி, விரல் சுட, முதல் ரொட்டியைப் பிய்த்தேன். மேல் மொறுமொறு, உள்ளே மெத்து. பெலாச்சான் இல்லாத சம்பாலில் என்ன குறை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விரதத்துக்கு ஒருவேளைச் சாப்பாடுதான். நானும் ஒருவேளைதான் சாப்பிட்டேன். அந்த வேளை பொழுது சாயும்வரை நீண்டது.

அடுத்த வருடம் விசா வந்தது. "ஒரு பானை சோறு போட்டிருக்கோம்லா, சும்மாவா?" என்று அந்தப் பெருமையை முத்தையா அண்ணை எடுத்துக்கொண்டார். விமான நிலையத்தில் தவமணி என்னிடம் ஒரு வார்த்தை பேசுமுன் அவர் முழுக் கதையையும் சொல்லி முடித்தார். செல்வி என் பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் பெட்டி கொடுத்து, "உங்கப்பா போடுற தொப்பி" என்றாள். அன்றிலிருந்து நான் காக்கா அங்கிள். பின்னொரு காலத்தில் என் மருமகன் எங்கள் இரண்டு குடும்பத்தையும் பட்டணத்தில் ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிப்போனார். அகன்ற வெள்ளைத் தட்டின் நடுவில் தேத்தண்ணிக் கோப்பையளவு நாசி லெமாக் வந்தது. பரிமாறிய பிள்ளையிடம் செல்வி, "வெயிட் ப்ளீஸ், ஹிஸ் காக்கா இஸ் நாட் ஹியர் யெட்" என்று சொல்ல, அந்தப் பிள்ளை வாசலைப் பார்த்துவிட்டு இன்னொரு கதிரை போடவா என்று கேட்டது.

அண்ணை முதலில் போனார். போன வருடம் அக்காவும் போனார். அக்காவின் திவசத்துக்குச் செல்வி வீட்டில் எல்லாம் சமைத்து, இலையில் ஒரு பங்கு எடுத்து என் கையில் தந்தாள்.

"அங்கிள், நீங்க கூப்பிடுங்க. நாங்க கூப்பிட்டா வராது."

"எனக்கும் எங்கை பிள்ளை வந்தது? எவ்வளவு நேரம் செல்லுமோ. நீங்கள் எல்லாரும் சாப்பிடுங்கோ."

"இல்ல அங்கிள், வெயிட் பண்றோம்."

தட்டுகளோடு எல்லோரும் எனக்குப் பின்னால் நின்றார்கள். பேரப்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் வேலியோரம் போய் இலையை வைத்தேன். அன்றைக்கு எனக்காகப் பசியோடு நின்ற மனுசி. அதனால் கொஞ்சம் உரக்கவே கூப்பிட்டேன்.