பேடி கழுவிய வெள்ளைத்துணி

தக்கலையில் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை, ஆனாலும் ரோடுவரை கூட்டம். உள்ளே பொன்னுலிங்கம் சுவாமிகள் பிள்ளைகளின் பரீட்சைப் பேடியைக் கழுவிக்கொண்டிருந்தார். பேடி என்றால் எங்கள் பக்கத்தில் பயம். அது உள்ளங்கையில் அழுக்காக ஒட்டியிருக்கும் என்பது சுவாமிகளின் கண்டுபிடிப்பு. கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஏமாறுவதில் நமக்குள் பேதமே கிடையாது.

பிள்ளையின் கையை வெள்ளைத்துணியால் துடைப்பார். மண்டைக்காட்டுக் கடல்நீர் என்று சொல்லி ஒரு கிண்ணத்தில் முக்குவார். துணி ரோஸ் நிறமாகும். அதுதான் பேடியாம். மந்திரம் சொல்லி வேறொரு துணியால் துடைத்து முக்கினால் வெள்ளையாகவே இருக்கும். பேடி போயேபோச்சு.

பிளஸ் டூ படிக்கும் ஜாஸ்மியை அம்மா ஜெபகனி கூட்டிவந்திருந்தாள். பத்து நாளாக ஜாஸ்மிக்கு உறக்கமில்லை. கேள்வித்தாளை நினைத்தாலே கை வியர்க்கும். கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் தெரிந்த பதிலே மறந்து நின்றவள். பள்ளிக்கூடத்துக் கவுன்சிலிங் டீச்சரைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, அதெல்லாம் கிறுக்குப் பிடித்தவர்களுக்கு என்று அம்மா மறுத்துவிட்டாள். கிறுக்குப் பிடிக்காதவர்கள் வருகிற இடம் இது.

ஜாஸ்மிக்குச் சுவாமிகள் மூன்று துணி மாற்றினார். மூன்றும் ரோஸ்.

"பேடி எலும்புல ஏறியாச்சு. இந்த வருசம் பரீட்ச எழுதப்பிடாது. வாரம் ஒரு பூச செய்யணும்."

ஜெபகனி அழுதுவிட்டாள். ஆனால் அந்த ரோஸ் ஜாஸ்மிக்குப் பழக்கமான ரோஸ். பிராக்டிகலில் மறந்த பதில் இப்போது வந்து நின்றது. பினாப்தலீன் தடவிய துணி சுண்ணாம்புத் தண்ணீரில் ரோஸாகும், தடவாத துணி வெள்ளையாகவே இருக்கும்.

பூசைத் தட்டிலிருந்த ஏத்தன்பழத்தை, அதாவது நேந்திரன் வாழைப்பழத்தை, எடுத்தாள். தனக்கு எடுத்த அதே துணிக்கட்டிலிருந்து ஒரு துணியை உருவி, பழத்தைத் துடைத்து முக்கினாள். ரோஸ்.

"ஏத்தன்பழத்துக்கு எந்தப் பரீட்ச சாமி?" குரல் நடுங்கத்தான் செய்தது.

பழத்திலும் துஷ்டசக்தி இருக்கும் என்றார் சுவாமிகள். எதையுமே துடைக்காத துணியை முக்கினாள். அதுவும் ரோஸ். இப்போது சுவாமிகளுக்குக் கை வியர்த்தது. சமையல்கட்டு வழியாக நழுவியவர்தான், அப்புறம் ஆளைக் காணோம்.

"பேடி போயாச்சா மக்கா?" என்றாள் ஜெபகனி.

"இல்லம்மா, இருக்கு. அது அழுக்கு இல்லல்லா கழுவ. நாளைக்கு டீச்சரப் பாப்பமா?"

ஜெபகனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாப்போம் என்றாள்.

வரிசையில் நின்ற சிலர், அந்த ஏத்தன்பழம் பிரசாதமாகக் கிடைக்குமா என்று விசாரித்தார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை மார்ச்சில்தான். பெற்றோருக்கு அன்றைக்கே நடந்தது. ஒரே கேள்வி: கொஞ்சம் யோசித்தீர்களா? பெரும்பாலானவர்கள் வெள்ளைத்தாளைத்தான் கொடுத்துவிட்டு வந்தார்கள்.