அக்கரைப் பொன்னனும் ஸ்திரவாச விசாரணையும்

பள்ளிபாளையம் ஸ்ரீ காவேரி கால்பந்து சபை என்பது ஒரு பந்து, பதினொரு ஆட்டக்காரர்கள், ஒரு காரியதரிசி, அபிப்பிராயம் சொல்வதற்கு ஏறக்குறைய ஊர் முழுவதும் அடங்கிய மகத்தான ஸ்தாபனம். காரியதரிசி வெங்கடாசலம், நூல் வியாபாரி. பிறந்ததிலிருந்து பந்தைக் காலால் தொட்டவரல்ல. ஆனால் ஆட்டம் நடக்கும்போது கோட்டுக்கு வெளியே அவர் ஓடுகிற ஓட்டத்தை உள்ளே இருப்பவர்கள் ஓடியிருந்தால் ஜில்லாக் கேடயம் என்றைக்கோ வந்து சேர்ந்திருக்கும்.

கேடயம் மூன்று வருஷமாகச் சூரமங்கலத்து ரயில்வேக்காரர்களிடம் இருந்தது. காரியதரிசியோ நூல் வாங்கச் சேலம் போக வேண்டும். சூரமங்கலத்தில் இருக்கும் ஜங்ஷனில் இறங்கினால் போர்ட்டர் முதல் சோடாக்காரன் வரை, "வாங்க செக்ரட்டரி, இந்தத் தடவை எத்தனை கோல் வாங்கிட்டுப் போறீங்க?" என்று குசலம் விசாரிப்பான். அந்தக் கேள்விக்குப் பயந்து வெங்கடாசலம் ஒரு ஸ்டேஷன் முந்தியே இறங்கி, வெயிலில் நடந்தே சேலம் போய்க்கொண்டிருந்தார். இந்த வருஷம் கேடயம் கிடைக்காவிட்டால் நூல் வியாபாரத்தையே விட்டுவிடுவது என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தார்.

போன வருஷம் இறுதி ஆட்டத்துக்குச் சற்று முன்பு, சூரமங்கலத்தார் அரக்கோணத்திலிருந்து ஒரு பலசாலியை வேலை மாற்றல் பேரில் இறக்கினார்கள். அவன் நாலு கோல் போட்டான். பள்ளிபாளையம் கொதித்தது. "அன்னியனை வைத்து ஆடுவது ஆண்மையா?" என்று கேட்டு ஜில்லாப் போட்டிக் கமிட்டிக்கு ஊரே மனுப் போட்டது. அந்தக் கமிட்டிக்கு அதுவரை யாரும் மனுப் போட்டதில்லை. பூரித்துப்போன கமிட்டி, 'இனி ஒவ்வோர் ஆட்டக்காரனும் தான் ஆடும் ஊரில் ஸ்திரவாசியாக இருத்தல் வேண்டும்' என்று உடனே விதி செய்தது. பள்ளிபாளையத்தில் வெடி போட்டார்கள்.

வெடிப்புகை அடங்கின பிறகுதான் ஒருவருக்கு ஞாபகம் வந்தது: நம்ம பொன்னன் எந்த ஊர்?

சபையில் கோல் போடத் தெரிந்த ஒரே ஆள் பொன்னன்தான். வேலை பள்ளிபாளையத்துச் சாயப்பட்டறையில். தாயார் இருப்பது அக்கரையில், ஈரோட்டில். காலையில் பரிசலில் வருவான், சாயங்காலம் பந்து உதைத்துவிட்டுப் பரிசலில் போவான். காவேரிக்கு இந்தக் கரை சேலம் ஜில்லா, அந்தக் கரை கோயமுத்தூர் ஜில்லா. ஆகவே கால்பந்து சாஸ்திரப்படி பொன்னன் பரதேசி.

முத்தாயம்மாள் இட்டிலிக் கடையில் அவசர ஆலோசனை கூடியது.

"பொன்னன் இல்லீன்னா அந்த எடத்துக்கு ஆருங்க?" என்றார் வெங்கடாசலம்.

"பன்னெண்டாவது ஆளு கருப்பண்ணன் இருக்கறாரில்லீங்க," என்றான் தறிக்கார அங்கமுத்து. கால்பந்து பற்றி ஊரில் கடைசி வார்த்தை அவனுடையது.

கருப்பண்ணன் மளிகைக் கடைக்காரர். இடைவேளையில் எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுப்பதால் சபையில் ஓர் அங்கம். "ஓட்டமெல்லாம் நமக்கு ஆவாதுங்க. வேணும்னா கோல்ல நிக்கறேன். பந்து மேல வந்து பட்டா உள்ள போவாது" என்றார்.

"படலீன்னா?"

"அது பந்தோட தப்புங்க."

பதின்மூன்றாவது ஆள் யார் என்று வெகுநேரம் விவாதித்தார்கள். அப்படி ஒருவர் இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

"மத்தியானச் சோறு தின்னறது என்ற கடையில. அப்பறம் என்ன, அவன் இந்த ஊருதான்," என்றாள் முத்தாயம்மாள்.

"தூங்கறது அக்கரையில. தூங்கற எடந்தான் ஊருங்க," என்றான் அங்கமுத்து.

"அப்பிடிப் பாத்தா நீ பாதி நாளு தறிக்குழியிலயே தூங்கறே. உனக்கு ஊரு தறிக்குழியா?"

இப்படி ஆலோசனை சிறப்பாக நடந்துகொண்டிருக்கும்போது, ஜில்லாக் கமிட்டி நியமித்த ஸ்திரவாச விசாரணை உபகமிட்டியின் தலைவர் அருணகிரி சேலத்திலிருந்து வந்து இறங்கினார். ரெவினியூ இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். உபகமிட்டியில் வேறு அங்கத்தினர் கிடையாது. ஆகையால் அதில் கருத்து வேற்றுமையும் கிடையாது.

ஊர்ச் சாவடியில் பொன்னனை நிறுத்தி விசாரணை தொடங்கினார்.

"நீ நித்திரை செய்வது எவ்விடம்?"

"ராத்திரி அக்கரையிலீங்க. மத்தியானம் கொஞ்சம் பட்டறையிலீங்க."

"அப்படியானால் இரு ஜில்லாக்களிலும் தூங்குகிறாய். ஒரே ஆசாமி இரண்டு ஜில்லாவில் ஸ்திரவாசியாக இருப்பது சர்க்காருக்கு விரோதம். உனக்கு இவ்வூரில் வேர் உண்டா?"

"எனக்குக் காலுதானுங்க இருக்குது," என்றான் பொன்னன் பயந்துபோய்.

அருணகிரியின் முகம் கறுத்தது. காரியம் கெட்டது என்று கண்ட வெங்கடாசலம் குறுக்கே விழுந்தார். "சாமி, எங்க ஊருக்கு ஒரு வழக்கம் இருக்குதுங்க. மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் கோயில்ல கம்பம் நட்டு, கையில காப்புக் கட்டுவோமுங்க. அன்னிக்கு ஊர்ல இருந்து காப்புக் கட்டுனவன் ஊர்க்காரன். நோம்பி முடியற மட்டும் அவன் ராத்திரி வேற ஊர்ல தங்கப்படாது. வர்ற செவ்வாக்கெழமை கம்பமுங்க. பொன்னனுக்கும் காப்புக் கட்டிட்டா அம்மனே சாட்சிங்க."

அருணகிரி எழுந்தே நின்றுவிட்டார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு தெளிவான சட்டத்தை அவர் பார்த்ததில்லை. "பலே! கம்ப தினத்தில் காப்புக் கட்டியவனே ஸ்திரவாசி, கட்டாதவன் அன்னியன். காரியதரிசியின் சொந்த வாக்குமூலப்படி இதையே பிரமாணமாக ஏற்கிறேன்!" என்றார். முதல் பாதியைக் கேட்ட சந்தோஷத்தில் இரண்டாம் பாதி வெங்கடாசலத்தின் காதில் ஏறவில்லை.

இறுதி ஆட்டம் அந்தச் சனிக்கிழமை சூரமங்கலத்தில். ஆடி முடிக்க இருட்டிவிடும். ராத்திரி அங்கேதான் தங்க வேண்டும். கையில் காப்பு இருந்தால் தங்க முடியாது. வெளியூரில் ஜோலி இருப்பவர்கள் கம்பம் நடுவதற்கு முன்பே நைசாக ஊரைவிட்டு நழுவி, காப்புக்குத் தப்பித்துக்கொள்வது எல்லா நோம்பிக்கும் நடப்பதுதான். வெங்கடாசலம் அதைத்தான் செய்தார். பொன்னனை மட்டும் காப்புக் கட்ட ஊரில் விட்டார். அவனை ஆட்டம் முடிந்த கையோடு மோட்டாரில் திருப்பி அனுப்ப ஏற்பாடு. மோட்டாரில் ஒருவருக்குத்தான் இடம். மற்றப் பத்துப் பேரையும் கருப்பண்ணனையும் கூட்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமை மாலை பரிசல் ஏறினார். தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

அக்கரையில் பொன்னனின் தாயார் சின்னாயி காத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, எம் பையன் வல்லீங்களா?"

"அவன் ஊர்க்காரனாயிட்டு இருக்கறான் ஆத்தா. நோம்பி முடிஞ்சு வருவான்."

"அட கெரகமே! அப்ப நீங்கெல்லாம்?"

"நாங்க காப்புக்குத் தப்பிச்சு வந்திருக்கறோம்."

சின்னாயிக்கு ஒன்றும் புரியவில்லை. மகனுக்கு ஆக்கின சோறு வீணாகக் கூடாதென்று அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அதில் பாதியைப் பன்னிரண்டாவது ஆள் தீர்த்தார்.

வியாழக்கிழமை பள்ளிபாளையத்துச் சாவடியில் அருணகிரி தீர்ப்பு வாசித்தார். வெங்கடாசலம் தம் படையோடு வந்து முன்வரிசையில் நின்றார்.

"பொன்னன், சின்னாயி குமாரன். கையில் காப்பு. ஸ்திரவாசி."

ஊர் ஆரவாரம் செய்தது.

"மற்றைய பதின்மரும், மேற்படி கருப்பண்ணனும், காரியதரிசி வெங்கடாசலமும் கம்ப தினத்தன்று கோயமுத்தூர் ஜில்லாவில் உண்டு உறங்கியதாக விசாரணையில் தெரிய வருகிறது. கையில் காப்பு இல்லை. அன்னியர்."

வெங்கடாசலத்துக்கு வாய் குழறியது. "ஐயா! இவங்க அப்பன் பாட்டன் எல்லாரும் இந்த ஊர்ச் சுடுகாட்டுலதானுங்க இருக்கறாங்க!"

"அவர்களுடைய பாட்டனார்கள் விஷயத்தில் உபகமிட்டிக்கு ஆட்சேபணை இல்லை. அவர்கள் தாராளமாக ஆடலாம்," என்றார் அருணகிரி.

"அப்ப சூரமங்கலத்துக்காரங்க மட்டும் ஆடலாமுங்களா?"

"சட்டம் யாவருக்கும் ஒன்றே. அவர்களில் ஒருவன் கையிலும் காப்பு இல்லை. மேலும் ரயில்வே உத்தியோகஸ்தனை எந்நேரமும் மாற்றலாமாதலால், அவன் எவ்வூரிலும் வசிப்பதாகக் கருத இடமில்லை. பதினொருவரும் நீக்கப்பட்டனர்."

ஆக, இறுதி ஆட்டத்துக்கு ஜில்லாவிலேயே தகுதியுள்ள ஒரே ஆட்டக்காரன் பொன்னன். அவனும் ஊர் எல்லையைத் தாண்டினால் ஸ்திரவாசம் முறிந்துவிடும் என்று அருணகிரிக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. ஆட்டக்காரன் மைதானத்துக்குப் போகக்கூடாதென்றால் மைதானம் ஆட்டக்காரனிடம் வர வேண்டியதுதானே? ஆட்டம் பள்ளிபாளையத்து ஆற்றோர மைதானத்துக்கு மாற்றப்பட்டது.

சனிக்கிழமை கூட்டம் சொல்லி முடியாது. ஸ்திரவாசிகள் முன்னால், அன்னியர் கயிற்றுக்குப் பின்னால் என்று உபகமிட்டி உத்தரவு. வெங்கடாசலம் தம் பத்து ஆட்டக்காரர்களோடு கயிற்றுக்குப் பின்னால், சூரமங்கலத்தாருக்குப் பக்கத்தில் நின்றார். இந்த மைதானத்தில் முள் பொறுக்கினவர் அவர்தான்.

நடுவர் ஊதினார். பொன்னன் பந்தைப் பார்த்தான், நாலு பக்கமும் பார்த்தான். "ஆருகிட்டீங்க குடுக்கறது?"

"விதியில் அதற்குத் தடையும் இல்லை, வழியும் இல்லை. ஆடு," என்றார் அருணகிரி.

பொன்னன் பந்தை உருட்டிக்கொண்டு போனான். பழக்கதோஷம், வழியில் இல்லாத இரண்டு பேரை வெட்டித் தாண்டினான். ஓங்கி ஒரு உதை. பந்து கோல் கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று.

"அடச்சே! தானே போடோணும்னு பேராசை! பாஸ் குடுத்திருக்கோணும்!" என்று அங்கமுத்து தலையில் அடித்துக்கொண்டான். ஊரும் அடித்துக்கொண்டது.

இரண்டாவது உதை உள்ளே போயிற்று. அதற்கப்புறம் பொன்னன் களைத்து, கோலுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். எதிர்த்தரப்புத் தாக்குதல் ஏதும் இல்லாததால் ஆபத்து ஒன்றும் நேரவில்லை. பள்ளிபாளையம் ஒன்று, சூரமங்கலம் பூஜ்யம். கேடயம் வந்தே விட்டது! வெங்கடாசலம் எல்லாவற்றையும் மறந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார், சிரித்தார், பக்கத்திலிருந்த சூரமங்கலத்தானையே கட்டிக்கொண்டார். ஊர் பொன்னனைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிற்று.

மறுநாள் முத்தாயம்மாள் கடையில் அடுத்த வருஷத்துக் கோஷ்டியைப் பற்றிப் பேச்சு. பொன்னன் நடுவில் உட்கார்ந்து இட்டிலி தின்றுகொண்டிருந்தான். வாசல் பக்கம் நின்ற வெங்கடாசலம் மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"அடுத்த வருஷம் இந்தப் பத்துப் பசங்களையும் மறுபடி சேத்துக்கலாமுங்களா? பொன்னன் ஒத்தையில சிரமப்படறானில்லீங்க."

அங்கமுத்து கையைக் கழுவிவிட்டு எழுந்து நின்றான்.

"செக்ரட்டரி, நீங்க கோவிச்சுக்கப்படாது. வெளியூர் ஆளுகளயெல்லாம் கொண்டாந்து எறக்குனா, நம்ம மண்ணுல பொறந்த பொன்னனாட்டப் பசங்க எங்கீங்க போயி ஆடுவாங்க?"

கை தட்டலில் கடைக்கூரை அதிர்ந்தது. கேட்பதற்கு அவ்வளவு நியாயமாக இருந்தது. வெங்கடாசலமும் தட்டினார்; அந்தப் பத்துப் பேரும் தட்டினார்கள்.